மேற்கு இருப்புப்பாதையின் பிள்ளைகள்: பெரம்பூர் முதல் ஆவடி வரை ரயில் ஊர் வாழ்க்கை

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜைத் தாண்டிய பின் வரும் நிலையப் பெயர்களைக் கவனித்தால் ஒரு வரலாறு தெரியும். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் ஆகியவற்றுக்குப் பிறகு பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என இரண்டு பணிமனைகளின் பெயரிலேயே இரண்டு நிலையங்கள் வருகின்றன. அதன் பின் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி. சில நிறுத்தங்கள் கோயிலூர்களின் பெயரையும் சில பணிமனைகளின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. இந்த இரண்டு வகைப் பெயர்களுக்கும் இடையே நடந்ததுதான் சென்னையின் மேற்குப் புறநகரின் வரலாறு.

இப்பாதையின் ஓரத்திலும் ரயில்வே குடியிருப்புகளிலும் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது, அந்த வாழ்க்கையை உருவாக்கியது எது, அதில் இன்று எஞ்சியிருப்பது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாதைக்கு முன் இருந்த ஊர்கள்

இருப்புப்பாதை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்பகுதி மக்கள் வாழ்ந்த பகுதியாக இருந்தது. திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயில் சுந்தரரால் பாடப்பெற்ற தலம். பாடி என்று இன்று அழைக்கப்படும் ஊர் திருவலிதாயம் என்னும் பாடல் பெற்ற தலம். பாதையில் இன்னும் மேற்கே உள்ள திருநின்றவூர், வைணவத் திவ்ய தேசங்களுள் ஒன்று. மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊரும் அதுவே. வில்லிவாக்கத்தில் அகத்தீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் உள்ளன.

இவை அனைத்தும் ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்கள். கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடி அருகே பருத்திப்பட்டு ஏரி ஆகியவை இன்றும் பெயரளவிலாவது அதை நினைவூட்டுகின்றன. நெல் விளைந்த நிலத்தின் குறுக்கே மண்மேடு எழுப்பி இருப்புப்பாதை போடப்பட்டது.

1856 ஜூலை 1

சென்னைப் பகுதியில் தண்டவாளம் முதலில் போடப்பட்டது பயணிகளுக்காக அல்ல. 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை சாலை போடுவதற்கான கல்லை ஏற்றிவர ஒரு பாதை இயங்கியது. அது நீண்ட காலம் நிலைக்கவில்லை.

பயணிகள் ரயில் இந்தியாவில் முதலில் ஓடியது 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கான நிலையமாக அமைந்த வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் ஓடியது. இதை அமைத்தது மதராஸ் ரயில்வே நிறுவனம். அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. தொடக்க காலப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது சென்னையின் சிம்சன் நிறுவனம். பெரம்பூர், வில்லிவாக்கம், ஆவடி வழியாக வண்டி சென்றதால், தென்னிந்தியாவிலேயே முதன்முதலில் ரயிலைக் கண்ட கிராமங்களுள் இவையும் அடங்கும்.

இப்பாதை 1862இல் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை நீண்டது. 1864இல் பெங்களூரையும் தொட்டது. வடமேற்கே பம்பாய் செல்லும் பாதை அரக்கோணத்தில் பிரிந்தது. எனவே பம்பாய் மெயில், கோயம்புத்தூர் வண்டிகள், மலபார் வண்டிகள் எல்லாமே இந்தச் சிற்றூர்களின் வழியாகத்தான் போயின. வயல்வெளியில் நின்ற ஒரு சிறுவன், ஒரே நாளில் இந்தியாவின் பாதித் திசைகளுக்குச் செல்லும் வண்டிகளைக் காண முடிந்தது.

தண்டவாளம் கிடைக்காத பூவிருந்தவல்லி

இப்பாதையின் விளைவைப் புரிந்துகொள்ள, அதற்குத் தெற்கே உள்ள பூவிருந்தவல்லியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊரான இது பெங்களூர் நெடுஞ்சாலையில் இருந்த முக்கியமான இடம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ராணுவத்தின் கிடங்கும் முகாமும் இங்கு இருந்தன. அன்றைய நிலையில் அம்பத்தூரையும் ஆவடியையும் விடப் பெயர் பெற்ற ஊர் பூவிருந்தவல்லியே.

ஆனால் இருப்புப்பாதை வடக்கே திருவள்ளூர் வழியாகச் சென்றது. பூவிருந்தவல்லி சாலை ஊராகவே நின்றது. அம்பத்தூரும் ஆவடியும் ரயில் ஊர்களாயின. பின்னாளில் பெருந்தொழிற்சாலைகளும் ராணுவக் கிடங்குகளும் இடம் தேடியபோது, தண்டவாளம் இருந்த பக்கமே சாய்ந்தன. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டத்தில்தான் பூவிருந்தவல்லிக்குத் தண்டவாளம் போடப்பட்டது.

பணிமனையும் குடியிருப்பும்

ரயில் ஓடத் தொடங்கிய 1856ஆம் ஆண்டிலேயே பெரம்பூரில் பழுதுபார்க்கும் பணிமனையும் உருவானது. 1908இல் மதராஸ் ரயில்வே, தெற்கு மராட்டா ரயில்வேயுடன் இணைந்து மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆனது. மக்கள் அதைச் சுருக்கமாக 'எம் அண்ட் எஸ்.எம்.' என்றனர். விடுதலைக்குப் பின் 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானபோது இப்பாதை அதன் பகுதியானது.

பணிமனைக்கு ஆள் வேண்டும்; ஆட்கள் அருகிலேயே இருக்க வேண்டும். இப்படித்தான் பெரம்பூர், அயனாவரம் பக்கத்தில் ரயில்வே குடியிருப்புகள் தோன்றின. நிறுவனக் காலத்தில் அவை படிநிலைப்படி அமைந்தன. ஐரோப்பிய அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் கூடிய பங்களா. டிரைவர், கார்டு, ஃபோர்மேன் போன்ற பணிகளில் பெருமளவில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஓடு வேய்ந்த வரிசை வீடுகள். இந்தியத் தொழிலாளர்களுக்கு ஓர் அறை, ஒரு சமையலறை கொண்ட சிறு வீடுகள். மதிலுக்கு வெளியே, தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் கூலியாட்கள் வாழ்ந்தனர். விடுதலைக்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புலம்பெயர்ந்தன. நிறப் படிநிலை மறைந்தாலும் சம்பளப் படிநிலை தொடர்ந்தது. குவார்ட்டர்ஸின் 'டைப்' எண்ணைச் சொன்னால் அப்பாவின் பதவி தெரிந்துவிடும் என்பது காலனிப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே தெரிந்த கணக்கு.

1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையே ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடன் 1949இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இது அமைந்தது. மர உடல் கொண்ட பெட்டிகளுக்கு மாற்றாக முழுவதும் உலோகத்தாலான பெட்டிகள் இங்கே செய்யப்பட்டன. 2018இல் முதல் வந்தே பாரத் வண்டி உருவானதும் இங்கேதான். தொழிற்சாலையோடு பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் கொண்ட 'ஐ.சி.எஃப். காலனி' எழுந்தது. பல மாநிலத்தவர் பக்கத்து பக்கத்து வீடுகளில் குடியிருந்தனர். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றை ஒரே தெருவில் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

ஒரு காலனிப் பிள்ளையின் நாள்

ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்களின் நினைவில் முதலில் நிற்பது ஒலி. காலையில் பணிமனையின் சங்கு ஊதும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மாக்கள் உலையை ஏற்றினார்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பினார்கள். சிறு நிலையங்களில் வண்டி வருவதற்கு முன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்புக் கழியால் அடிப்பார்கள். வண்டிகளே கடிகாரமாக இருந்தன. 1964இல் பெங்களூருக்கு ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் போய்விட்டதா என்று கேட்டு மணியைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் பாதையோரத்து வீடுகளில் இருந்தது.

இரண்டாவது, அமைதி. என்ஜின் டிரைவர், ஃபயர்மேன், கார்டு ஆகியோருக்கு இரவு பகல் என்ற பேதமில்லை. நள்ளிரவில் 'கால் பாய்' எனப்பட்ட ஊழியர் கையில் நோட்டுப் புத்தகத்துடன் வந்து கதவைத் தட்டுவார். தூக்கக் கலக்கத்தில் அப்பா அதில் கையெழுத்திடுவார். ஒரு மணி நேரத்தில் இரும்புப் பெட்டியும் சாப்பாட்டுத் தூக்கும் விளக்குமாகக் கிளம்பிவிடுவார். எப்போது திரும்புவார் என்பது வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. திரும்பியதும் பகலில் தூங்குவார். "அப்பா டூட்டி முடிச்சு வந்திருக்கார், சத்தம் போடாதே" என்பது அந்த வீடுகளின் சட்டம். தீபாவளியன்று அப்பா வீட்டில் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

மூன்றாவது, பாஸ். ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சில முறை இலவசப் பயணச் சீட்டு உண்டு. கையில் பணமில்லாவிட்டாலும் காசிக்கும் டெல்லிக்கும் போய்வர முடிந்தது. மவுண்ட் ரோட்டில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டிராத பிள்ளை ஹௌரா பாலத்தைப் பார்த்திருக்கும். இந்தியா எவ்வளவு பெரியது என்பதை வரைபடத்தில் படிக்கும் முன்பே ஜன்னலோரத்தில் இருந்து அறிந்த பிள்ளைகள் அவர்கள்.

மதிலுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்கு ரயில் வேறு விதமாகத் தெரிந்தது. நீராவி என்ஜின்கள் கொட்டிய சாம்பலில் பாதி எரிந்த கரியைப் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பார்கள். அது அடுப்புக்கு ஆகும், விற்கவும் ஆகும். பிடிபட்டால் அடி விழும். தண்டவாளத்தில் ஐந்து பைசாவை வைத்து, வண்டி ஏறி நசுக்கியதும் எடுத்துப் பார்க்கும் விளையாட்டு மட்டும் மதிலுக்கு இருபுறமும் பொதுவானது. கைகாட்டி இறங்கினால் வண்டி வருகிறது என்பதும் இருபுறத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆபத்தும் பொதுவானதுதான். பள்ளியும் கடையும் ஒருபுறம், வீடு மறுபுறம் என ஊரைப் பாதை இரண்டாகப் பிளந்திருந்தது. கேட் மூடியிருந்தால் குனிந்து நுழைவதும் தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவதும் அன்றாடம் நடந்தன. ஒரு வண்டி கடந்ததும் அடுத்த தண்டவாளத்தில் எதிர்த்திசையில் வந்த வண்டியைக் கவனிக்காமல் போனவர்களின் கதை ஒவ்வொரு நிலையத்தருகிலும் உண்டு. மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் வந்த பின்பும் இந்தத் துயரம் முற்றிலும் நின்றுவிடவில்லை.

ஆவடி: பெயரும் பெருமையும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடி பெரிய ராணுவத் தளமாக மாறியது. பாதையிலிருந்து கிடங்குகளுக்குத் தனித் தண்டவாளம் பிரிந்தது. 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்ற பெயர் பிற்காலப் புறநகர் ரயில் பயணிகளுக்கும் பழகிப்போன ஒன்று. போர்க்காலத்துக்கான ஒரு கிளைப்பாதை, பொதுமக்கள் ஏறி இறங்கும் இடமாக மாறியதற்கு அது சான்று.

1955 ஜனவரியில் ஆவடியில் அமைக்கப்பட்ட சத்தியமூர்த்தி நகரில் இந்திய தேசிய காங்கிரஸின் 60ஆம் மாநாடு நடந்தது. யு. என். தேபர் தலைமை வகித்தார்; காமராஜர் அப்போது சென்னை மாநில முதலமைச்சர். சோசலிசப் பாணிச் சமுதாயம் அமைப்பதே நோக்கம் என்ற புகழ்பெற்ற தீர்மானம் இங்குதான் நிறைவேறியது. ஒரு சிறு ரயில் நிலையத்தின் பெயர் இந்தியப் பொருளாதார வரலாற்றில் இப்படித்தான் இடம்பெற்றது.

1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள் திறந்த வேகன்களில் போவதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

ஆவடி என்ற பெயரைப் பற்றிப் பரவலான ஒரு தவறான கருத்தை இங்கே திருத்துவது பொருத்தம். 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் முதலெழுத்துகளே ஆவடி என்று பலர் சொல்கிறார்கள்; தேர்வு வழிகாட்டிகளிலும் சிலர் எழுதுகிறார்கள். டாங்கித் தொழிற்சாலை தொடங்கியது 1961இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே நடந்த மாநாடு 'ஆவடி காங்கிரஸ்' என்றே அழைக்கப்பட்டது. எனவே பெயர் முந்தியது. விரிவாக்கம் பின்னர் யாரோ பொருத்திப் பார்த்தது.

அம்பத்தூரும் சீசன் டிக்கெட்டும்

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. ஆவடியில் 1955இல் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. 1960களில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகளும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாயின. பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கினால் தொழிற்பேட்டைக்குள் நடந்தே போய்விடலாம்.

இதனால் பாதையின் பயன் மாறியது. அதுவரை கிராமத்து மக்கள் பால், தயிர், கீரை, பூ ஆகியவற்றைக் கூடையில் சுமந்து காலை வண்டியில் பட்டணத்துக்குப் போனார்கள். இப்போது எதிர்த்திசையிலும் கூட்டம் வந்தது: பட்டணத்திலிருந்து தொழிற்சாலைக்கு. சட்டைப் பையில் சீசன் டிக்கெட், கையில் டிபன் கேரியர், நிலைய வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு என்பதே ஒரு தலைமுறையின் அடையாளம். 1979இல் திருவள்ளூர் வரையும், 1982இல் அரக்கோணம் வரையும் பாதை மின்மயமானது. அண்ணனூரில் மின்தொடர் வண்டிகளுக்கான பணிமனை அமைந்தது. நீராவி என்ஜினோடு கரிப் புகையும், வெள்ளைச் சட்டையில் படிந்த கரித்துகளும் மறைந்தன.

1974 மே

ரயில் ஊர்ப் பிள்ளைகளின் நினைவில் தனியாக நிற்கும் மாதம் 1974 மே. போனஸ், எட்டு மணி நேர வேலை, ஊதியச் சமநிலை முதலிய கோரிக்கைகளுக்காக மே 8 முதல் 27 வரை நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 17 லட்சம் பேர் பங்கேற்றதாகக் கூறப்படும் இப்போராட்டத்துக்கு ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை தாங்கினார். ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பலர் வேலை இழந்தனர், நாட்டின் பல இடங்களில் போராடியவர்களின் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1977இல் ஆட்சி மாறிய பின் வேலை நீக்கப்பட்டோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர்.

அந்த இருபது நாட்கள் காலனிப் பிள்ளைகளுக்கு ஓர் உண்மையைக் காட்டின. தாங்கள் பிறந்த வீடு தங்களுடையது அல்ல. அது அப்பாவின் வேலையோடு ஒட்டிய பொருள். வேலை போனால் வீடும் போகும்.

ஓய்வு பெற்ற நாளும் புறநகரின் பிறப்பும்

வேலைநிறுத்தம் இல்லாவிட்டாலும் அந்த நாள் ஒருநாள் வரத்தான் செய்யும். ஓய்வு பெற்றதும் குறிப்பிட்ட கால அளவுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் வளர்த்த முருங்கை மரத்தையும் துளசி மாடத்தையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சொந்த ஊரில் நிலம் இருந்தவர்கள் திரும்பினார்கள். பலருக்கு அது இல்லை. பிள்ளைகளோ அந்த ஊரை விடுமுறையில் மட்டுமே கண்டவர்கள்.

ஆகவே கிராஜுவிட்டி பணத்தையும் சேமநிதியையும் கொண்டு அதே பாதையில் மேற்கே மனை தேடினார்கள். கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, இன்னும் தள்ளித் திருநின்றவூர். பழகிய வண்டி, பழகிய நிலையம், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்கு நேராகப் போக வழி ஆகிய காரணங்கள் போதுமானவையாக இருந்தன. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அவ்வாறே செய்தனர். மேற்குப் புறநகரின் தெருக்களில் ஒரு பகுதி இவ்வாறு ஓய்வுபெற்றோர் கட்டிய முதல் சொந்த வீடுகளால் ஆனது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மனைகளில் பல வயல்களாகவும் ஏரி நீர் பரவிய தாழ்நிலமாகவும் இருந்தவை. ரயில் ஊர்ப் பிள்ளைக்கு வீடு கிடைத்த இடத்தில், ஏரி ஊர்ப் பிள்ளைக்கு வயல் போயிற்று. ஒவ்வொரு பெருமழையிலும் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவது இதனால்தான்.

எஞ்சியிருப்பவை

நியூ ஆவடி சாலையில் 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் பழைய என்ஜின்களும் பெட்டிகளும் பாதுகாக்கப்படுகின்றன. இராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆனால் காலனி வீடுகள் பழுதாகி இடிக்கப்படும்போது அவற்றின் வாழ்க்கை எங்கும் பதிவாவதில்லை. ரயில்வே ஆவணங்களில் ஊழியர் எண் இருக்கும், குவார்ட்டர்ஸ் எண் இருக்கும். கால் பாய் தட்டிய சத்தத்தில் விழித்த பிள்ளையும், கரி பொறுக்கிய பிள்ளையும் அவற்றில் இல்லை.

திட்டங்களும் மறக்கப்படுகின்றன. வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா நகருக்கு 2003இல் தொடங்கிய குறுகிய ரயில் சேவை 2007இல் நின்றது. இருபது ஆண்டுகள் கூட ஆகாத நிலையில், அப்படி ஒரு வண்டி ஓடியது அப்பகுதி இளைஞர்கள் பலருக்கே தெரியாது. 1856ஐப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பகுதி மாணவர்கள் வட்டார வரலாறு எழுத விரும்பினால், வீட்டிலேயே தொடங்கலாம். தாத்தா எந்த ஆண்டு இங்கே மனை வாங்கினார், அதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது, 1974 மே மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, பாட்டி எந்த வண்டியில் எதை விற்கப் போனார் என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதி வைக்கலாம். பழைய அட்டை டிக்கெட், பாஸ், சீசன் சீட்டு, மனைப் பத்திரம் ஆகியவை கிடைத்தால் படம் எடுத்து வைக்கலாம். நினைவு தவறக்கூடும்; ஆவடிப் பெயர்க் கதை அதற்கு எடுத்துக்காட்டு. அதைத் தேதியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது மாணவரின் வேலை. நிலையங்களின் வரிசையை அட்டவணை சொல்லிவிடும். அவற்றுக்கிடையே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள், நீராவி என்ஜினைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறையினர். அவர்களில் பலர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள்.